அபாயம் அண்ணாச்சியும் அவர் இழுத்துப் போன குட்டிக் காரும்

வளைகுடா நாடுகளில் பிழைக்க வந்த அத்தனை பேருக்குமாக ஆண்டவன் அனுப்பிவைத்த பயத்தில் சரிபாதியை ஒரே ஆளாக வாங்கி வைத்துக்கொண்டவர் அபாயம் அண்ணாச்சி. மீதிப் பாதியை நாங்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டதில் ஆளுக்குக் கொஞ்சம்தான் வந்தது. நாங்களெல்லாம் தைரியசாலிகள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடமாடியது அதனால்தான்.

பாஸ்போர்ட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் நம்மூர் மின்கம்பங்களில் இரண்டு எலும்புகளுக்கு மேலே ஒரு மண்டையோடு சிரிக்குமே, அதற்கு மீசை வைத்தால் அண்ணாச்சிதான். அந்தப் பலகையில் எழுதியிருக்கும் சொல்லையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். புஜைராவில், எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு யார்டில் அவர் சேஃப்டி ஆபீசர். நான் அங்கே டாக்குமெண்ட் கண்ட்ரோலர். அதாவது, அவர் எழுதித் தள்ளும் எச்சரிக்கைகளுக்கு எண் போட்டு அடுக்கி வைக்கிறவன். அலமாரி போதவில்லை என்று ஆண்டுக்கொரு முறை புது அலமாரி கேட்டு நான் எழுதுவேன். அலமாரி சரிந்து விழலாம் என்று அவர் எழுதுவார். அதற்கும் நான் எண் போடுவேன்.

எங்கள் மேனேஜர் ஒருவர் வேலையை விட்டுப் போன அன்று ஆபீசில் கேக் வெட்டினோம். கேக்கின் நடுவில் ஒரே ஒரு மெழுகுவத்தி. பற்றவைக்கக் குனிந்த பையனின் கையை அண்ணாச்சி பிடித்தார்.

"பெர்மிட் எங்க வே?"

எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் இடத்தில் வெல்டிங் மாதிரி நெருப்பு வேலை எது செய்தாலும் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். மெழுகுவத்தியும் நெருப்புதானே? படிவம் நிரப்பி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, தீயணைப்புக் கருவியோடு ஒரு நேபாளி பக்கத்தில் விறைப்பாக நிற்க, மேனேஜர் ஊதி அணைத்தார். அதற்கப்புறமும் அரை மணி நேரம் கேக்கை யாரும் தொடக் கூடாது. அணைந்த நெருப்பு மறுபடி பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். மேனேஜருக்கு ஃப்ளைட் நேரம் வந்துவிட்டது, போய்விட்டார். அவருடைய கேக்கை அந்த நேபாளியும் நாங்களும் தின்றோம்.

அண்ணாச்சி தங்கிய கதையும் இப்படித்தான். கம்பெனி அவருக்கு ஆறாவது மாடியில் ரூம் கொடுத்தது. லிஃப்ட் அறுந்து விழும் என்று படியேறினார். படியேறினால் நெஞ்சு படபடக்கிறது, இது ஹார்ட் என்று கெஞ்சிக் கூத்தாடிக் கீழ்த்தளத்துக்கு மாறினார். கீழ்த்தளத்தில் பாயை விரித்துப் படுத்த பிறகுதான், மேலே இருக்கும் ஆறு மாடியும் தன் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது என்ற ஞானம் பிறந்தது.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, "வே, சலாலாவுக்குப் போவோமா?" என்றார். நான் எழுதிக்கொண்டிருந்த எண் தப்பாகிவிட்டது.

காரணம் புஷ்பம் மதினி. தென்காசிப் பக்கத்து ஊரிலிருந்து அண்ணாச்சியின் சம்சாரம் முதல் முறையாக விசிட் விசாவில் வந்திருந்தாங்க. அண்ணாச்சிக்கு நேர் எதிர். ஷார்ஜா ஏர்போர்ட்டில் இறங்கிய அரை மணி நேரத்தில், வழி தெரியாமல் நின்ற ஒரு பஞ்சாபிக் குடும்பத்துக்குத் தமிழில் வழி சொன்னவங்க. ஓமானில் சலாலா என்று ஓர் ஊர் இருக்கிறது, சுற்றிலும் பாலைவனம் வெந்துகொண்டிருக்கும் மாதங்களில் அங்கே மட்டும் மலையெல்லாம் பச்சையாகிச் சாரல் அடிக்கும் என்று யாரோ போனில் வீடியோ காட்டியிருக்கிறார்கள்.

"பாலைவனத்துல சாரலா? பொய் சொல்லுதாங்க. நான் நேர்ல பாக்கணும்" என்று மதினி உட்கார்ந்துவிட்டாங்க.

விமானத்தில் போகலாமே என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"பறக்கையில ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா, ஓரமா இறங்கி நின்னு பாக்க முடியுமா வே?"

ஓட்டலில் தங்கலாமே என்றேன்.

"மாடி."

ஒரு சொல்லில் முடித்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து, நாங்கள் தங்கியிருந்த கேம்ப் வாசலில் ஒரு கேரவன் வந்து நின்றது. நம்மூர் சினிமா நட்சத்திரங்கள் ஷூட்டிங்கில் உட்கார்ந்திருப்பார்களே, அந்த ஜாதிதான். ஆனால் இது அவர்களுடைய தாத்தாக்கள் காலத்துக் கேரவன். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் விட்டுப் போனது. உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு அலமாரிக்குள் கக்கூஸ். மாடி கிடையாது. தீப்பிடித்தால் நாலு எட்டில் வெளியே வந்துவிடலாம். வெள்ளம் வந்தால் வீடே ஓடித் தப்பிக்கும். அண்ணாச்சி வாழ்நாள் முழுக்கத் தேடிய வீடு அதுதான்.

கேரவனைப் பார்க்கச் சேர்ந்ததைவிடப் பெரிய கூட்டம் சேர்ந்தது அதன் வாலுக்குத்தான். கேரவனுக்குப் பின்னால், முக்கோணமாக ஓர் இரும்புக் கம்பியில் மாட்டி, ஒரு குட்டிக் கார் நின்றது. ஆகாய நீலம். இரண்டே கதவு. இன்ஜின் பின்பக்கம். முகப்பு விளக்குகள் இரண்டும் எதையோ கண்டு மிரண்ட கண்கள் மாதிரி உருண்டையாக இருந்தன. ஷார்ஜாவில் பழைய வண்டிகள் வாங்கி விற்கும் கீழக்கரை பாய் ஒருவரிடம் வாங்கியது. கேம்ப்பில் இருந்த எங்கள் யாரைவிடவும் அந்தக் கார் வயதில் மூத்தது.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"கப்பல் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஓரமா ஒரு சின்னப் படகு தொங்குதா இல்லையா? கேரவன் படுத்துட்டுன்னா இதுல ஏறித் தப்பிச்சிரலாம்."

"இதுவும் படுத்துட்டா?"

"கூரையப் பாரும்."

பார்த்தேன். கேரவனின் கூரைமேல் ஒரு சைக்கிளைப் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்.

"நாம மூணு பேரு அண்ணாச்சி."

அவர் முகம் இருண்டது. மறுநாள் காலையில் கூரைமேல் மூன்று சைக்கிள்கள் இருந்தன.

நான் ஏன் போனேன் என்று இன்றைக்கும் என் வீட்டில் கேட்கிறார்கள். மதினி கூப்பிட்டாங்க. மழையைக் கண்ணால் பார்த்து நாளாகியிருந்தது. அதைவிட, அண்ணாச்சிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கேரவனின் பின்ஜன்னல் ஓரமாக பெல்ட் வைத்த ஒரு ஸீட் இருந்தது. அதில் உட்கார்ந்து, பின்னால் வரும் காரைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அதுதான் என் டூட்டி.

ஓமான் எல்லையில் அண்ணாச்சி, காரை இழுத்துப் போக என்னென்ன காகிதம் வேண்டுமோ அத்தனையும் நீட்டினார், வேண்டாதவற்றையும் நீட்டினார். அதிகாரி இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். இதை ஓட்டுவது யார் என்று கேட்டார். யாரும் ஓட்டுவதில்லை என்றார் அண்ணாச்சி. பிறகு எதற்கு என்று கேட்டார். "பயத்துக்கு" என்பதை அரபியில் சொல்லத் தெரியாமல் அண்ணாச்சி தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். கார்மேல் அவ்வளவு பிரியம் என்று எடுத்துக்கொண்ட அதிகாரி மனம் நெகிழ்ந்து முத்திரை குத்தினார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் ஒரே நேர்கோடு. இரண்டு பக்கமும் மணல், நடுவில் தார், மேலே வெயில். அண்ணாச்சி அறுபதைத் தாண்டவில்லை. லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போயின. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முன்னாலிருந்து குரல் வரும்.

"வே, வருதா?"

"வருது அண்ணாச்சி."

வராமல் எங்கே போகும்? இரும்புக் கம்பியில் மாட்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி நாள் முழுக்கக் காதில் விழுந்தால் மனுஷனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. இரண்டாம் நாள் மத்தியானம் காற்று எழும்பி, மணல் ரோட்டின் குறுக்கே பாம்பு மாதிரி ஓடியது. கொஞ்ச நேரத்தில் பின்ஜன்னல் முழுக்கப் பழுப்பு. காரைக் காணோம். கேரவன் பக்கவாட்டில் ஆடியது. மூன்று சைக்கிள்களும் கூரையில் கடகடவென்று அடித்துக்கொண்டன.

"வே! வருதா?"

"வருது" என்று பொய் சொன்னேன். புழுதி விலகி, அந்த இரண்டு மிரண்ட கண்களும் மறுபடி தெரிந்தபோது, நான் என்னை அறியாமல் ஜன்னல் கண்ணாடியைத் தடவிக்கொடுத்தேன். அண்ணாச்சியின் நோய் எனக்கும் தொற்றிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை. வடக்கேயிருந்து சலாலாவுக்குப் போகிறவர்கள் கடைசியாக ஒரு மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இந்தப் பக்கம் வெயில் கொளுத்துகிறது. உச்சியைத் தாண்டியதும் யாரோ வெள்ளைத் துணியை உதறி மூடியது மாதிரி மூடுபனி. பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை. கண்ணாடியில் பொடிப்பொடியாகச் சாரல். மதினி ஜன்னலைத் திறந்து கையை நீட்டி, "ஆத்தாடி, நெசந்தான்" என்று சிரித்தாங்க. சிரித்தது அவங்க மட்டும்தான்.

இறக்கம் தொடங்கியது. கொஞ்ச தூரத்தில், இரும்பும் ரப்பரும் சேர்ந்து கருகும் வாடை வந்தது.

"பின்னாடி இருக்கது தள்ளுது வே" என்றார் அண்ணாச்சி. குரல் மெலிந்திருந்தது. குட்டிக் காருக்குத் தனியாகப் பிரேக் பிடிக்க ஆள் இல்லை. அதன் பாரத்தையும் சேர்த்துக் கேரவனின் கிழட்டுப் பிரேக்தான் தாங்க வேண்டும். அவர் மிதிக்க மிதிக்க, அது உள்ளே உள்ளே போனது. முன்னால் வளைவு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. சின்ன கியருக்கு மாற்றினார். இன்ஜின் அலறியது. நான் இரண்டு கைகளாலும் ஸீட்டைப் பிடித்திருந்தேன். எங்கள் அதிர்ஷ்டம், ரோட்டோரம் அகலமாக ஓர் இடம் வந்தது. அதில் ஏற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நிறுத்திவிட்டார்.

நின்ற பிறகுதான் அவர் வேகமானார். எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை வைத்தார். எங்களை இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளிச் சரிவில் ஏறி நிற்கச் சொன்னார். பிறகு, ரோட்டில் எச்சரிக்கைக்கு வைக்கும் ஆரஞ்சு நிறக் கோன்களை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்த வழியே மேலே நடந்தார். பன்னிரண்டு கோன். மேலேயிருந்து வருகிற வண்டிகள் ஒதுங்கிப் போக, நூறு எட்டுக்கு அப்பாலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"பிரேக் சூடு ஆற ஒரு மணி நேரம் ஆவும்" என்று சொல்லி எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பேசி முடிக்கவில்லை. மேலே, பனிக்குள், ஒரு ஹார்ன். டயர் கிறீச்சிடும் சத்தம், நீளமாக. அப்புறம் தகரம் கிழிந்து உருளும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

ஓடினோம். ஒரு பிக்கப் வண்டி வாய்க்காலில் ஒருக்களித்துக் கிடந்தது. அது ஏற்றி வந்த புல்கட்டுகள் ரோடெங்கும் சிதறியிருந்தன. டிரைவர், ஐம்பது வயதுப் பட்டாணியர் ஒருவர், தானாகவே வெளியே தவழ்ந்து வந்திருந்தார். தொடையில் தகரம் கிழித்து, சல்வார் கருஞ்சிவப்பாக நனைந்துகொண்டிருந்தது. அவரிடமிருந்து மூன்றே எட்டில், அண்ணாச்சி வைத்த முதல் கோன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

அண்ணாச்சி அந்தக் கோனைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

"நான் வச்சது வே. திடீர்னு இதப் பாத்துட்டுத்தான் வண்டிய ஒடிச்சிருக்கான். நான் வச்சதாலதான்..."

"ரத்தம் போவுது. கோன அப்புறமா பாருங்க" என்றாங்க மதினி.

அது அவரை உலுக்கியது. ஓடிப் போய் முதலுதவிப் பையைக் கொண்டுவந்து, காயத்துக்கு மேலே பட்டை கட்டி இறுக்கினார். முடிச்சு சரியாக விழுந்தது. பிறகு பையிலிருந்து மார்க்கரை எடுத்து, பட்டாணியரின் நெற்றியில் கட்டுப் போட்ட நேரத்தைப் பெரிதாக எழுதினார். பத்து நாற்பது. எப்போது கட்டியது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும், அதுதான் முறை.

"பாயி, மாத்தே பர் க்யா லிக்தா ஹை!" என்று, நெற்றியில் என்ன எழுதுகிறாய் என்று கேட்டு, அந்த நிலையிலும் கான் கோபப்பட்டார். அவர் பெயர் கான் என்பதை அவரே கத்திச் சொல்லியிருந்தார்.

நான் எமர்ஜென்சிக்குப் போன் போட்டேன். வருகிறோம் என்றார்கள். ஆனால் கீழேயும் பனி, வழியில் இன்னொரு விபத்து, எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கட்டுக்கு அடியில் ரத்தம் இன்னும் கசிந்தது. கானின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

"அடிபட்டவன அசைக்கக் கூடாதுன்னு நானே ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்கேன்" என்றார் அண்ணாச்சி. யாரிடம் சொன்னாரோ தெரியாது. கானின் உதட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "காரக் கழட்டும் வே" என்றார்.

இரண்டு ஆணிகளை உருவியதும் இரும்புக் கம்பி விழுந்தது. இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. பின்ஸீட்டில் கானைக் குறுக்காகப் படுக்கவைத்து, அவர் காலை மடியில் வைத்து நான் மடங்கி உட்கார்ந்தேன். முன்ஸீட்டைப் பின்னால் தள்ள முடியாமல் அண்ணாச்சியின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பக்கத்து ஸீட் முன்னால் மடிந்து, அதன்மேல் கானின் தலை. மதினிக்கு இடமில்லை.

இதை அவர் யோசித்திருக்கவில்லை. மூன்று பேருக்கு மூன்று சைக்கிள் கட்டியவர், இதை யோசிக்கவில்லை.

"ஏட்டி புஷ்பம்..." என்றார். தான் போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மதினிக்கு மாட்டினார். "கேரவனுக்குள்ள உக்காராத. ரோட்டுக்குப் பக்கத்துல நிக்காத. அந்தா, மேல அந்தப் பாறையில போய் இரு. யாரு கூப்பிட்டாலும்..."

"நான் என்ன பச்சப்பிள்ளையா? போங்க. அந்த மனுஷன் செத்துரப் போறான்."

கிளம்பினோம். அவர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை பனிதான் தெரிந்தது.

அந்த இறக்கத்தை நான் இன்றைக்கும் கனவில் இறங்குகிறேன். காருக்கு ஒரே வைப்பர். அதுவும் இரண்டு வளைவுக்கு அப்புறம் நின்றுவிட்டது. அண்ணாச்சி தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓட்டினார். சாரல் அவர் முகத்தில் அடித்தது. ஸ்பீடு காட்டும் முள் இருபதுக்கும் எழுபதுக்கும் நடுவே தன் இஷ்டத்துக்குத் துள்ளியது. அவர் வாய் ஓயவில்லை. "வலப்பக்கம் பள்ளம்... எதுக்க ஏதோ லைட்டு, லாரி, லாரிதான்... டயர் பழசு... பிரேக்கு பாதிதான் பிடிக்கு... எம்மா, வளைவு..." நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் அந்தக் குரல் மட்டும் கேட்டது. அது கண்ணைத் திறந்திருப்பதைவிட மோசமாக இருந்தது. என் உள்ளங்கைக்கு அடியில் கானின் தொடை சூடாக நனைந்தபடி இருந்தது. நடுநடுவே கான் முனகிவிட்டு, சீக்கிரம் போ என்று "ஜல்தி பாயி, ஜல்தி!" என்பார்.

"இதுக்கு மேல போவாதுவே! நானும் பிள்ளகுட்டிக்காரன்வே!" என்று அண்ணாச்சி பட்டாணியரிடம் தமிழில் கத்தினார்.

ஒரு கட்டத்தில் கான் ஜல்தி சொல்வது நின்றுபோனது. அது வரைக்கும் எனக்குத் தெரிந்த பயமெல்லாம் விளையாட்டுப் பயம். "கான் பாய், ஏதாவது சொல்லுங்க" என்று நானும் தமிழில்தான் கெஞ்சினேன். அண்ணாச்சி திரும்பவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். ஆக்ஸிலேட்டரை முடிந்த மட்டும் மிதித்தார்.

பனி திடீரென்று விலகி, கீழே ஊரும் கடலும் தெரிந்தன. அடிவாரத்தில் நின்ற போலீஸ்காரர்கள், ரத்தத்தைப் பார்த்ததும் முன்னால் வண்டியை விட்டு வழி செய்து கூட்டிப்போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மலையாளி நர்ஸ் கானின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "ஆராணு இது எழுதியது?" என்றார். அண்ணாச்சி குற்றவாளி மாதிரி கையைத் தூக்கினார். நர்ஸ், நல்லது என்பதுபோல் தலையசைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

காத்திருந்தோம். போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"மை கோன். மை மிஸ்டேக்."

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணாச்சி, சும்மா இருங்க. கேஸாயிடும். விசா போயிடும்."

"போட்டும் வே. அவன் உயிரு போயிட்டா நான் விசாவ வச்சு என்ன செய்ய?"

அழிச்சாட்டியமாக எல்லாவற்றையும் சொன்னார்: பன்னிரண்டு கோன், நூறு எட்டு, மூடுபனி. போலீஸ்காரர் பொறுமையாக எழுதிக்கொண்டு, அடிபட்டவரிடமே கேட்டுவிடலாம் என்றார். உயிருக்கு ஆபத்தில்லை, தையல் போட்டாயிற்று, பேசுகிறார் என்று அதற்குள் நர்ஸ் வந்து சொல்லியிருந்தார்.

கான் கட்டிலில் சாய்ந்திருந்தார். நெற்றியில் இன்னும் பத்து நாற்பது. அண்ணாச்சி அவர் காலடியில் போய் நின்று, உடைந்த ஹிந்தியில் கேட்டார்.

"கான் பாயி... ரோட் மே... கோன் தேகா?"

ஹிந்தியில் 'கோன்' என்றால் 'யார்'. யாரைப் பார்த்தாய் என்று கேட்கிறான் என்று நினைத்த கான் யோசித்துவிட்டு, யாருமில்லை என்றார்.

"கோன்? கோயி நஹி."

"கோன், கோன்!" அண்ணாச்சி கையைக் கூம்பாகக் குவித்துத் தன் தலைமேல் வைத்துக் காட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

கான் எங்களையும் போலீஸ்காரரையும் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் கத்தினார். "ஊண்ட்! ஊண்ட் தா, பாயி! தீன் ஊண்ட்!"

ஒட்டகம். மூன்று ஒட்டகங்கள் பனிக்குள் நடுரோட்டில் நின்றிருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் வண்டியை ஒடித்திருக்கிறார். கோன் எதையும் அவர் பார்க்கவே இல்லை. போலீஸ்காரர் நோட்டை மூடிவிட்டு, இந்தச் சீசனில் வாரம் முழுக்க இதே கதைதான் என்பதுபோலக் கையை உதறிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி நீளமாக ஒரு மூச்சு விட்டார். வராண்டாவுக்கு வந்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"பன்னெண்டு வச்சேன் வே. ஒண்ணக்கூடவா பாக்கல?"

அடுத்த நொடி, "புஷ்பம்!" என்று ஓடினார்.

மலை ஏறும்போது பனி இன்னும் கெட்டியாகியிருந்தது. கேரவன் அதே இடத்தில் நின்றது. பாறைமேல் மதினி இல்லை. ஆரஞ்சுச் சட்டை மட்டும் பாறையில் கிடந்தது.

அண்ணாச்சி அதைக் கையில் எடுத்தார். உதறிப் பார்த்தார், உள்ளே ஆள் இருப்பது மாதிரி. "புஷ்பம்" என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். சரிவு எங்கே முடிகிறது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நில்லுங்க, பள்ளம் இருக்கும் என்று நான் கத்தக் கத்த, பனிக்குள் இறங்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். என் கால் வழுக்கியது. கல் உருண்டு எங்கோ கீழே போய் விழும் சத்தம் கேட்டது.

அப்போது, பக்கத்தில், பெண்கள் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம்.

பச்சைப் புல்லில் பெரிய விரிப்பு விரித்து ஓர் ஓமானிக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. சாரல் பார்க்க வந்தவர்கள். நடுவில், யாருடைய சால்வையையோ போர்த்திக்கொண்டு, கையில் கஹ்வா என்ற அரபுக் காப்பிக் கிண்ணத்தோடு புஷ்பம் மதினி. அவங்க தமிழில் ஏதோ கதை சொல்ல, அந்தப் பெண்கள் அரபியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டீங்களா? அந்த மனுஷன் பிழைச்சிட்டாரா?" என்றாங்க மதினி. பிழைத்துவிட்டார் என்று நான்தான் சொன்னேன். "நல்ல சனங்க. குளிருதுன்னு போத்திக்கிடக் குடுத்தாங்க, அதான் அந்தச் சட்டையப் பாறையில போட்டுட்டு வந்தேன். அப்படியே நம்ம குத்தாலம் மாதிரிதான் இருக்கு. கொரங்குதான் இல்ல."

அண்ணாச்சி ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்து, சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டார். முகம் நனைந்திருந்தது. சாரல் என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம். ஓமானிப் பெரியவர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் அவர் கையில் பேரீச்சம்பழத்தை வைத்தார்.

பிரேக் நன்றாக ஆறியிருந்தது. காரை மறுபடி மாட்டிக்கொண்டு சாயங்காலத்துக்கு முன்னால் கிளம்பினோம். பின்ஜன்னல் ஸீட்டில் மதினி உட்கார்ந்துகொண்டாங்க. என்னை முன்னால் வந்து உட்காரச் சொன்னார் அண்ணாச்சி. அதே இறக்கம், அதே பனி, அதே கிழட்டுக் கேரவன். எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போயிருக்கிறேன்.

மிச்சத்தை மறுநாள் மதினி சொன்னாங்க. நாங்கள் ஊர்ந்து போன வேகத்தைப் பார்த்து ஒரு லாரிக்காரர் பின்னாலிருந்து விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தாராம். ரோடு அகலமான இடத்தில் பக்கத்தில் வந்து, திட்டுவதற்காகக் கண்ணாடியை இறக்கினாராம். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டு, உதட்டில் விரலை வைத்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த என்னைக் காட்டினாராம்.